ரேஷன் கடையில் 60 ரூபாய்த் தக்காளி: சரியா, தவறா?

கொரட்டூர் கணக்கர்:
2023 ஜூலையில் சென்னையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, ரேஷன் கடைகளில் அரசு 60 ரூபாய்க்கு விற்றது. இனி விலை ஏறினால் அப்படிச் செய்யக் கூடாது என்பேன். ஆந்திராவிலிருந்தும் கர்நாடகாவிலிருந்தும் கோயம்பேட்டுக்கு வரத்து குறைந்ததுதான் பிரச்சினை. அரசு வாங்கியதும் இருக்கிற சரக்கில்தான். ஒரு பழம்கூடக் கூடவில்லை. விலை ஏறினால்தான் ரசத்தில் தக்காளியைக் குறைத்துப் புளியைக் கூட்டுவோம். மலிவாகக் கொடுத்தால் யார் குறைப்பார்கள்?

வியாசர்பாடி அக்கா:
புளியைக் கூட்டுவது எந்த வீட்டில் சார்? வசதியுள்ளவர் 150 ரூபாய் என்றாலும் வாங்குவார். குறைப்பது தினக்கூலி வீடுதான். யாருக்குத் தேவை அதிகம் என்று விலைக்குத் தெரியாது. யார் கையில் காசு இருக்கிறது என்றுதான் தெரியும். சரக்கு கூடவில்லை, ஒப்புக்கொள்கிறேன். இருந்ததில் கொஞ்சம் எங்கள் பக்கம் வந்தது. ரேஷன் கடை அதற்குத்தானே?

கொரட்டூர் கணக்கர்:
வந்தது யாருக்கு அக்கா? காலையில் வரிசையில் நிற்க நேரம் இருந்தவருக்கு. விடிந்ததும் நாலு வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்கப் போகிறவர் திரும்பும்போது கூடை காலி. கிலோவுக்கு 40, 50 ரூபாய் மிச்சம் பிடிக்க அவர் ஒரு வீட்டு வேலையை விட முடியுமா? 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை மாதிரி பணமாகக் கொடுங்கள். தக்காளி வாங்குவதா முட்டை வாங்குவதா என்று அவரே முடிவு செய்வார்.

மண்டிக்காரர்:
ரெண்டு பேரும் விவசாயியை விட்டுவிட்டீர்கள். விலை ஏறியதைப் பார்த்து ஊரே தக்காளி நடும். நாற்று நட்ட 60, 70 நாளில் எல்லாச் சரக்கும் ஒரே நேரத்தில் வந்து இறங்கும். அந்த செப்டம்பரிலேயே விலை படுத்துவிட்டது. பறிப்புக் கூலிகூடக் கட்டாது என்று செடியிலேயே அழுக விடுகிற நிலை வருஷா வருஷம் எங்காவது வருகிறது. அரசு செலவு செய்ய வேண்டிய நேரம் அதுதான். அப்போது வாங்கி விழுதாக்கி வைத்தால் விவசாயிக்கும் பயன், அடுத்த தட்டுப்பாட்டுக்கும் ஆகும்.

வியாசர்பாடி அக்கா:
விழுது ஆலை வரட்டும் அண்ணா, நல்லது. அது வரும்வரை இந்த மாதக் குழம்புக்கு என்ன வழி? கணக்கர் சாருக்கும் ஒன்று: உரிமைத் தொகை 1,000 ரூபாய், தக்காளி 30க்கு விற்றாலும் 150க்கு விற்றாலும் அதே 1,000தான். வேலைக்குப் போகிறவருக்குக் கிடைக்கவில்லையென்றால் சாயங்காலமும் ஒரு லோடு இறக்கச் சொல்லிக் கேளுங்கள். விற்பதையே நிறுத்தச் சொல்லாதீர்கள்.