டிஸ்சார்ஜ் புக்கில் பெயர், பிறந்த தேதி திருத்திய அனுபவங்கள் (மதுரை வட்டாரம்)

திருமங்கலத்துக்காரன்:

அப்பா ராணுவத்தில் மெட்ராஸ் ரெஜிமென்ட், நாயக் ரேங்க். 1981இல் பென்ஷனில் வந்தார். அம்மா பெயர் ரேஷன் கார்டு, ஆதார், பேங்க் எல்லாவற்றிலும் மீனாட்சி. படையிலிருந்து வரும்போது அப்பாவுக்குக் கொடுத்த டிஸ்சார்ஜ் புக்கில் மட்டும் பாப்பா. கல்யாணம் முடிந்து யூனிட்டுக்குத் திரும்பியவரிடம் கிளார்க் கேட்டிருக்கிறார், இவர் வீட்டில் கூப்பிடுவதைச் சொல்லிவிட்டார். நாற்பது வருடம் அது யாரையும் உறுத்தவில்லை. பென்ஷனை ஸ்பர்ஷ் என்ற ராணுவ ஓய்வூதிய ஆன்லைன் முறைக்கு மாற்றி விவரங்களைச் சரிபார்க்கச் சொன்னபோதுதான், குடும்ப ஓய்வூதியம் யாருக்கு என்ற இடத்தில் பாப்பா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தோம்.

அப்பாவுக்கு 80 தாண்டிவிட்டது. அவருக்குப் பிறகு அம்மா தனியாக நின்று "அந்தப் பாப்பா நான்தான்" என்று நிரூபிப்பது எவ்வளவு பாடு என்று பக்கத்து ஊரில் ஒரு வீட்டில் பார்த்திருக்கிறேன். அதனால் உடனே இறங்கினோம்.

முதலில் ஒரு விஷயம். நம் கையில் இருக்கிற புத்தகத்தைத் திருத்தினால் எதுவும் மாறாது. மூலப் பதிவு ஷீட் ரோல், அதாவது படைவீரரின் பணி, குடும்ப விவரங்கள் உள்ள ஏடு. அது அவரவர் படைப்பிரிவின் ரெக்கார்ட் ஆபீஸில் இருக்கிறது. மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு வெலிங்டன். ஆர்ட்டிலரி என்றால் நாசிக் ரோடு, சிக்னல்ஸ் (தகவல் தொடர்புப் படை) ஜபல்பூர், எம்இஜி (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) பெங்களூரு, ஈஎம்இ (இயந்திரங்களைப் பழுது பார்க்கும் படை) செகந்திராபாத். ஒரு டைப்பிங் சென்டரில், புத்தகத்திலேயே அடித்து எழுதி யாரிடமாவது சீல் வாங்கிவிடலாம் என்று யோசனை சொன்னார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள். பேனா பட்ட புத்தகத்தை எந்த ஆபீஸும் நம்பாது.

மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் தெளிவாகவே சொன்னார்கள். அப்பா கையெழுத்திட்ட மனு, பிரமாணப் பத்திரம், ஒரு தமிழ் பேப்பரிலும் ஒரு இங்கிலீஷ் பேப்பரிலும் விளம்பரம், ஆதார், பான், பிபிஓ (ஓய்வூதிய ஆணை), டிஸ்சார்ஜ் புக் நகல்கள், இருவரும் சேர்ந்து எடுத்த போட்டோ. பிரமாணப் பத்திரம்தான் இதில் வம்பு. ஜில்லா கோர்ட் பக்கம் ஒருவர் எழுதிக் கொடுத்ததில் "மீனாட்சி என்கிற பாப்பா" என்று மட்டும் இருந்தது. அது திரும்பி வந்துவிட்டது. அப்பாவின் ராணுவ எண், ரேங்க், புத்தகத்தில் உள்ள பெயர், இப்போதுள்ள பெயர், இரண்டும் ஒரே ஆளைத்தான் குறிக்கும் என்ற வாசகம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். விளம்பரத்திலும் எழுத்துக்கு எழுத்து அதே மாதிரி.

தபாலில் அனுப்பினாலே போதும். ஆனால் அப்பாவுக்கு வெலிங்டனை ஒரு தடவை பார்க்க ஆசை. ஆரப்பாளையத்தில் கோயம்புத்தூர் பஸ், அங்கிருந்து மேட்டுப்பாளையம், குன்னூர். கேட்டில் விறைப்பாக நின்று தன் ராணுவ நம்பரைச் சொன்னார் பாருங்கள், நேற்று சாப்பிட்டது மறந்துபோகிற மனிதர்! உள்ளே இருந்த கிளார்க் ஷீட் ரோலைப் பார்த்துவிட்டு, குழந்தைகள் பதிவில் என் தங்கை பெயரே இல்லை என்றும் சொன்னார். அதற்கும் சேர்த்து மனு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். நேரில் போனதில் உருப்படியான லாபம் அதுதான்.

பிறகு மாற்றத்தைப் பதிவு செய்கிற பார்ட் டூ ஆர்டர் போட்டார்கள், திருத்திய பிபிஓவும் வந்தது. அதுவரை பொறுமை வேண்டும். இடையில் ஸ்பர்ஷில் புகார் போட்டபோது, ரெக்கார்ட் ஆபீஸ் அனுப்பினால்தான் மாற்றுவோம் என்றார்கள். அது நியாயம்தான்.

மேலூர் சிக்னல்ஸ்:

தம்பி, நல்லா எழுதியிருக்கீங்க. எனக்கு வந்தது பிறந்த தேதிச் சிக்கல். அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் மே, ஜூனில் ஒரு தேதியைப் போட்டுவிடுவார். அதே தேதிதான் ராணுவத்திலும். ஆதார் எடுத்தவரோ வருடத்தை மட்டும் வைத்து ஜனவரி 1 என்று போட்டுவிட்டார். சொந்தக்காரர்கள், புத்தகத்தில் இருப்பதை மாற்று என்றார்கள். நான் மாட்டேன் என்றேன். படையில் சேர்ந்தபோது பதிவான தேதியை ரிட்டயர் ஆன பிறகு மாற்ற நினைப்பது சுவரில் முட்டுவது மாதிரி. ராணுவத் தளபதியாக இருந்த வி.கே.சிங்குக்கே 1950ஆ 1951ஆ என்ற தகராறு உச்ச நீதிமன்றம் வரை போய், 2012 பிப்ரவரியில் மனுவை வாபஸ் வாங்கினார். நாமெல்லாம் எம்மாத்திரம்!

எஸ்எஸ்எல்சி புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் ஆதாரைத்தான் திருத்தினேன். வேலை சீக்கிரம் முடிந்தது. ஒன்று கவனம்: ஆதாரில் பிறந்த தேதியை ஒரு தடவைதான் மாற்றலாம், பெயரை இரண்டு தடவை. அப்ளிகேஷனில் அடிக்கிறவர் பக்கத்திலேயே நின்று எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

சோழவந்தான் பேத்தி:

என் பாட்டி கதை கொஞ்சம் வேறு. தாத்தா இறந்து பல வருடம் ஆயிற்று, குடும்ப ஓய்வூதியம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. 80 வயது ஆகிற மாதத்தின் முதல் தேதியிலிருந்து அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும். 85 என்றால் 30, 90 என்றால் 40, 95 என்றால் 50, நூறைத் தொட்டால் முழுசாக இன்னொரு பங்கு. பாட்டிக்கு 80 முடிந்தும் அது வரவில்லை. விசாரித்தால், பாட்டியின் பிறந்த தேதியே பதிவில் கிடையாது. புத்தகத்தில் தாத்தா கொடுத்தது "வயது 19" என்று மட்டும்தான்.

நல்லவேளை, பாட்டிக்குப் பான் கார்டு இருந்தது. அதையும் ஆதாரையும் வைத்து மனு போட்டோம், இரண்டிலும் ஒரே தேதி என்பதால் கேள்வி எழவில்லை. அரியர்ஸ் மொத்தமாக வந்ததும் பாட்டி செய்த முதல் வேலை, அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்கு மண்டகப்படிக்குப் பணம் கொடுத்தது. எங்களிடம் கேட்கவே இல்லை!

திருமங்கலத்துக்காரன்:

சோழவந்தான் தங்கச்சி சொன்ன பிறகு எங்களுடையதையும் எடுத்துப் பார்த்தேன். அம்மாவின் பிறந்த தேதி எங்கள் திருத்திய பிபிஓவில் சரியாக ஏறியிருக்கிறது.

பழைய கிளார்க், டி.கல்லுப்பட்டி:

ஒரு யூனிட் ஆபீஸில் இதையே பல வருடம் எழுதியவன் என்ற முறையில் இரண்டு வார்த்தை. ராணுவ எண்ணின் கடைசியில் வருகிற ஆங்கில எழுத்தை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். அதுவும் எண்ணில் சேர்ந்ததுதான், சரிபார்க்கப் போட்டது. அது இல்லாத மனு சீக்கிரம் நகராது. அசல் புத்தகத்தைக் கேட்டால் அட்டையிலிருந்து கடைசிப் பக்கம் வரை நகல் எடுத்து வைத்துக்கொண்டு, ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கேட்காமல் அசலை அனுப்ப வேண்டாம்.

மேலூர் அண்ணன் சொன்ன மாதிரி எது தப்போ அதைத் திருத்துங்கள். ஆனால் மனைவி பெயர் புத்தகத்தில் வேறாக இருந்தால், ஆதாரைப் 'பாப்பா' என்று மாற்றிவிடலாம் என்று சிலர் குறுக்கு வழி பார்க்கிறார்கள். அப்புறம் பேங்க், பத்திரம், வாக்காளர் அட்டை எல்லாம் எதிரே வந்து நிற்கும்.