எலக்ட்ரிக் அடிக்க ஒரே பிரேம் டைமிங் தேவையா? டெக்கன் ஆடுறவங்க சொல்லுங்க

கசுயா_கத்துக்குட்டி:
மூணு வாரமா டெக்கன் 8 சண்டை கேம்ல கசுயாவோட எலக்ட்ரிக், அதான் மின்னலோட வர்ற குத்து, அதப் பழகி ப்ராக்டிஸ் மோடுலயே கெடக்கேன். பத்துக்கு நாலு தடவைதான் மின்னலோட வருது, மிச்சமெல்லாம் மின்னல் இல்லாத சாதா குத்து, வின்ட் காட் பிஸ்ட். ஸ்டிக்க முன்னாடி தட்டி, கைய விட்டு, கீழ போயி, அப்புறம் கீழ்-முன் மூலையும் வலது குத்தும் ஒரே பிரேம்ல விழணுமாம். பிரேம்னா திரையில வர்ற ஒரு படம், செகண்டுக்கு 60 பிரேம், அப்ப 17 மில்லிசெகண்ட் கூட கெடைக்கல. புதுசா வர்றவன வாசல்லயே நிறுத்துற வேலை இது. ஈசியான இன்புட் கொடுத்தா என்ன கொறஞ்சிரும்?

பிரேம்_கணக்கு:
நெறைய கொறையும் ப்ரோ. சாதா குத்த எதிராளி தடுத்தா நீ மைனஸ் 10, அதாவது அவனுக்கு 10 பிரேம் கழிச்சுதான் அசைய முடியும், உடனே ஜாப் (வேகமான சின்னக் குத்து) வாங்குவ. அதே எலக்ட்ரிக்க தடுத்தா நீ பிளஸ் 5, அவனுக்கு 5 பிரேம் முன்னாடியே அசையலாம். ஒரே அடிதான், கை சரியா விழுந்ததால மட்டும் 15 பிரேம் உன் பக்கம் வருது, பட்டா ஆள் மேல பறந்து காம்போ (தொடர் அடி), தடுத்தாலும் டர்ன் உன்னோடது. ஜப்பான்ல இதுக்குப் பேரே சைசோகு பூஜின்கென், அதாவது அதிவேக காற்றுக்கடவுள் முட்டி.

கசுயா_கத்துக்குட்டி:
ஆனா அது ஹை, தலை உயரத்துல வர்ற அடி தானே? குனிஞ்சா தலைக்கு மேல போயிரும், எந்திரிச்சு லாஞ்ச் பண்ணி ஆள மேல தூக்கிரலாம். பக்கவாட்டுல விலகுற சைடு ஸ்டெப்பும் இருக்கு. பதிலடி கேம்லயே இருக்கும்போது கைய வேற எதுக்கு ஒடிக்கணும்?

பிரேம்_கணக்கு:
குனியத்தான் பயம் வரும். குனிஞ்சு குனிஞ்சு முன்னேறுற அதே வேவ் டேஷ்லருந்து குனிஞ்சவனையும் அடிக்கிற மிட் வரலாம், நின்னா தாழ்வா வர்ற ஹெல் ஸ்வீப் கால வாரிரும். ஆனா ஹெல் ஸ்வீப்ப தடுத்துட்டா அடிச்சவன் காலி, அதுல ரிஸ்க் இருக்கு. எலக்ட்ரிக்க தடுத்தா ஒண்ணுமே ஆகாது, அதுக்கான ரிஸ்க்க விரல்லதான் வச்சிருக்காங்க. அத எடுத்துட்டா ஆன்லைன்ல எல்லாரும் இதயேதான் அடிப்பாங்க.

மிஷிமா_ரசிகை:
கதைப்படி மின்னல் டெவில் ஜீன், அதாவது ரத்தத்துல வர்ற பேய் சக்திதானே, பொறக்கும்போதே இருக்குற சக்திக்கு இவ்ளோ கஷ்டமான இன்புட் எனக்கும் சரியாப் படல.

பிரேம்_கணக்கு:
இல்லைங்க. கசுயாவுக்கு டெவில் ஜீன் அம்மா கசுமி வழியா வந்தது. அப்பா ஹெய்ஹாச்சிக்கு அது கெடயவே கெடயாது, ஆனா அவரும் எலக்ட்ரிக் அடிக்கிறாரே! அது அவங்க மிஷிமா குடும்பத்து கராத்தே, பழகிப் பழகி வர்றது. நம்மளும் பழகித்தான் அடிக்கிறோம், எனக்கு இந்த சீரிஸ்ல ரொம்பப் பிடிச்ச விஷயமே அதான்.

மிஷிமா_ரசிகை:
ஹெய்ஹாச்சிய மறந்தே போயிட்டேன், கரெக்ட்.

கசுயா_கத்துக்குட்டி:
கதை ஓகே, ஆனா வேலை முடிஞ்சு வந்து ராத்திரி ஒரு மணி நேரம் ஆடுறவனுக்கு இது இன்னும் அநியாயமாதான் தெரியுது, அதுல நான் மாறல. சாதா குத்தா வருதுன்னா நான் பட்டன லேட்டா அமுக்குறேன்னு அர்த்தமா?

பிரேம்_கணக்கு:
ஆமா, லேட்டுதான். கீழ்-முன் மூலைய பாத்துட்டு அமுக்காத, ரெண்டையும் ஒரே தட்டாத் தட்டு. முதல்ல திரையோட ஒரு சைடுல மட்டும் நின்னு பழகு.