உபுண்டுவில் தமிழ்99: தானாக விழும் புள்ளி பிழையா?

விசைவேங்கை:
"உபுண்டு இயங்குதளத்தில் தமிழ்99 விசைப்பலகை பழுது. மமதை என்று அடித்தால் ம்மதை விழுகிறது. தமிழ் ஒலியை ஆங்கில எழுத்தில் அடிக்கும் ஒலிபெயர்ப்பே மேல்" என்று நேற்று ஒருவர் எழுதியிருக்கிறார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. அது பழுதே இல்லை. ஒரே எழுத்தை இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குத் தானாகப் புள்ளி விழும். 1999-இல் தமிழக அரசு ஏற்ற விசைப்பலகையின் விதியே அதுதான். புள்ளி வேண்டாமா, நடுவில் 'அ' தட்டுங்கள்: ம, அ, ம, த, ஐ.

பனங்கிழங்கு:
எழுதியது நான்தான். நான் கேட்காத புள்ளியை அது ஏன் வைக்கிறது? நடுவில் 'அ' போடணும் என்று எந்தப் பிள்ளைக்குத் தோன்றும்?

விசைவேங்கை:
எம், ஏ என்று எழுத்துக்கூட்டித்தான் பிள்ளை தமிழ் அடிக்க வேண்டுமா? 'பக்கம்' அடித்துப் பாருங்கள். எனக்கு ப, க, க, ம, புள்ளி என ஐந்து தட்டு, ஆங்கில எழுத்தில் அடிக்கும் உங்களுக்கு ஆறு. ங்க, ந்த, ம்ப, ண்ட எல்லாவற்றுக்கும் புள்ளி தானாக விழும். இவை வரிக்கு வரி வரும். மமதை எத்தனை முறை வரும்? உங்கள் பேச்சில்தான் வருகிறது.

பழைய தட்டச்சர்:
இருவருமே தட்டச்சு நிலையத்துப் பக்கம் போகாதவர்கள். நான் தட்டச்சில் லோயர், ஹையர் தேர்வு முடித்து இருபது வருடம் மனு அடித்தவன். கொம்பை முதலில் அடித்து எழுத்தை அப்புறம் அடித்த விரல் இது. தமிழ் உள்ளிட உதவும் எம்17என் (m17n) என்ற மென்பொருள் பொதியில் டைப்ரைட்டர் அமைப்பும் இருக்கிறது. அதை யாராவது சொன்னீர்களா?

விசைவேங்கை:
ஐயா, பேச்சு புள்ளியைப் பற்றி.

மல்லிச்செடி:
நான் தமிழ்99 சேர்த்தும் க, க என்று தட்டினால் 'கக' என்றே நிற்கிறது. நீங்கள் சண்டை போடும் புள்ளி எனக்கு வரவே இல்லை.

விசைவேங்கை:
தங்கச்சி, நீங்கள் சேர்த்தது 'தமிழ்நெட் 99' என்ற நேரடி அமைப்பாக இருக்கும். அதில் ஒரு விசைக்கு ஒரு எழுத்து, முந்தைய எழுத்தைத் திரும்பிப் பார்க்காது. முனையத்தில் (டெர்மினல்) 'sudo apt install ibus-m17n' கொடுத்து, கணக்கிலிருந்து வெளியேறி மறுபடி நுழையுங்கள். அப்புறம் அமைப்புகளில் விசைப்பலகைக்குப் போய், எம்17என் என்று குறித்த தமிழ்99-ஐச் சேருங்கள். சூப்பர் விசையும் (விண்டோஸ் படம் போட்டது) ஸ்பேஸும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும்.

பனங்கிழங்கு:
புள்ளி வைக்கவே தனிப் பொதி நிறுவணுமா!

விசைவேங்கை:
உங்கள் ஒலிபெயர்ப்பும் அதே பொதியில்தான் வருகிறது. முன்பு இங்கே நடந்த எழுத்துரு விவாதத்திலும் பாதி படித்துவிட்டு இப்படித்தான் வந்தீர்கள்.

பனங்கிழங்கு:
அதை இங்கே இழுக்காதீர்கள். அன்று பதில் சொல்லாமல் போனது நீங்கள். சரி, 'பப்பாளி' அடித்துக் காட்டுங்கள்.

விசைவேங்கை:
ப, அ, ப, ப, ஆ, ள, இ. ஏழு தட்டு. உங்களுக்கு எட்டு, அதிலும் ளகரத்துக்கு ஷிஃப்ட் வேறு.

பனங்கிழங்கு:
அந்த 'அ' எதற்கு? நேற்றிலிருந்து அதைத்தானே கேட்கிறேன்.

விசைவேங்கை:
நேற்றிலிருந்து அதைத்தானே சொல்கிறேன்.

பழைய தட்டச்சர்:
டைப்ரைட்டர் அமைப்பில் புள்ளியை நாமே வைப்போம். யாரும் கேட்பதாக இல்லை.