பாலத்தின் இணைப்பில் ஏறியதும் ஜிப்சியின் முன்சக்கரங்கள் உதறுகின்றன: உதவி தேவை

முந்திரித்தோப்பு:
அனைவருக்கும் வணக்கம். என்னுடைய மாருதி ஜிப்சி 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் முன்சக்கரங்கள் இரண்டும் இடமும் வலமுமாகக் கடுமையாக உதறுகின்றன. ஸ்டியரிங்கை எவ்வளவு இறுகப் பிடித்தாலும் உதறல் நிற்பதில்லை. வேகம் 20க்குக் குறைந்த பிறகே அடங்குகிறது. நேற்று மாலை ஆல்பேட்டையைக் கடந்து பெண்ணையாற்றுப் பாலத்தில் ஏறியபோது இப்படி ஆனது. என் தாயாரும் வண்டியில் இருந்தார். பின்னால் வந்த பேருந்து விலகிச் சென்றதால் தப்பினோம். சென்ற மாதம் ஒரு பட்டறையில் ஸ்டியரிங் பாக்ஸை இறுக்கிக் கொடுத்தார்கள். இரண்டு நாள் மட்டும் சரியாக இருந்தது. வெள்ளிக்கிழமை பண்ருட்டி செல்ல வேண்டும். எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று தயவுசெய்து கூறுங்கள்.

தவளக்குப்பம்:
வண்டி எந்த ஆண்டுடையது, பவர் ஸ்டியரிங் உள்ளதா, டயரின் அளவு என்ன, அச்சைத் தாங்கும் வில் பட்டைகளோ அவற்றை அடிச்சட்டத்தோடு இணைக்கும் ஷாக்கிளோ மாற்றப்பட்டனவா என்ற நான்கையும் நீங்கள் எழுதவில்லையே, நண்பரே. இன்னொன்றும் தெரிய வேண்டும்: சமமான சாலையில் தானாகவே உதறல் தொடங்குகிறதா, அல்லது பள்ளமோ பாலத்தின் இணைப்போ தட்டிய பிறகுதான் தொடங்குகிறதா?

அரியாங்குப்பம் நண்பன்:
என் வண்டியிலும் இதே தொல்லை இருந்தது. அதிர்வைத் தணிக்கும் ஸ்டியரிங் டேம்பர் ஒன்றைப் புதிதாகப் பொருத்தியதும் அன்றே நின்றது. அரை மணி நேர வேலைதான். வெள்ளிக்கிழமைக்குள் தாராளமாக முடித்துவிடலாம்.

உப்பனாற்றங்கரை:
முதலில் வீல் பேலன்சிங் பாருங்கள். ரிம்மின் உட்புறத்தில் காய்ந்த களிமண் ஒட்டியிருந்தாலே ஸ்டியரிங் நடுங்கும். தோப்புக்குள் ஓடும் வண்டி என்பதால் சொல்கிறேன்.

முதுநகர் மூத்தவர்:
இங்கே பல ஆண்டுகளாக எழுதி வருகிறேன். வண்டியின் ஆண்டைக்கூடச் சொல்லாமல் எந்தப் பாகத்தை மாற்றுவது என்று கேட்பவர்களுக்கு விடை சொல்வது வீண் வேலை என்று முன்பே எழுதியிருக்கிறேன். வண்டியின் அடியில் ஒரு முறையாவது படுத்துப் பார்த்துவிட்டுத்தான் கேள்வி எழுப்ப வேண்டும். பேலன்சிங் குறைந்தால் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் நடுக்கம் வரும், வேகம் கூடினால் மறையும். ஒரு தட்டில் தொடங்கி வேகத்தைக் குறைக்கும்வரை நிற்காத உதறல் அந்த வகையைச் சேர்ந்ததன்று. ஸ்டியரிங் தண்டுகளின் முனை மூட்டுகளான டை ராடு எண்டுகள் நான்கையும் மாற்றுங்கள், தம்பி. இதற்கு மேல் விவாதம் தேவையில்லை.

முந்திரித்தோப்பு:
மன்னிக்க வேண்டும் ஐயா, அவசரத்தில் விட்டுவிட்டேன். 2001ஆம் ஆண்டு ஜிப்சி கிங், பவர் ஸ்டியரிங் கிடையாது. டயர் 235/75 ஆர் 15. முன்பிருந்த உரிமையாளர் நீளமான ஷாக்கிள் போட்டிருக்கிறார். பெரும்பாலும் பள்ளத்தில் இறங்கிய பிறகே தொடங்குகிறது. வலது முன்சக்கரத்தின் உட்பக்கத்தில் கறுப்பாக எண்ணெய் வழிந்திருக்கிறது. இதற்கும் அதற்கும் தொடர்பு இருக்காது என்று நினைத்துச் சொல்லவில்லை.

வில்லியனூர்ப் பட்டறை:
அந்த எண்ணெயை முதல் பதிவிலேயே நீங்கள் சொல்லியிருக்க வேண்டும். எதையும் வாங்குவதற்கு முன் இரண்டு சோதனைகளைச் செய்து பாருங்கள். துணைக்கு ஒருவர் இருந்தால் போதும்.

முதல் சோதனையில் வண்டியை ஜாக்கியில் ஏற்ற வேண்டாம். நான்கு சக்கரங்களும் தரையில் இருக்க, எஞ்சினை நிறுத்திவிட்டு, துணைவரை ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகச் சிறிது சிறிதாக, விடாமல் அசைக்கச் சொல்லுங்கள். நீங்கள் கீழே சென்று ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து தொடங்கி ஒவ்வொரு ஜாயிண்டின் மேலும், அதன் இரு பாகங்களையும் விரல்கள் ஒரே நேரத்தில் தொடும்படி கையை வையுங்கள். ஒரு பாகம் அசைந்து மற்றது தாமதமாக அசைந்தால், கண்ணுக்குத் தெரியாத ஆட்டத்தையும் விரல் சொல்லிவிடும். பாக்ஸிலிருந்து வெளிவரும் பிட்மேன் ஆர்ம், அதிலிருந்து சக்கரத்துக்குச் செல்லும் டிராக் லிங்க், இரு சக்கரங்களையும் இணைக்கும் டை ராடு என்று வரிசையாகப் போங்கள். ஸ்டியரிங் பாக்ஸ் சேஸிஸோடு சேரும் இடத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்துச் சுத்தம் செய்து பார்ப்பதும் முக்கியம். உப்புக்காற்றில் நிற்கும் நம் ஊர் வண்டிகளில் போல்ட்டைச் சுற்றித் துருக்கோடு ஓடினால், பாக்ஸே அசைகிறது அல்லது தகடு வெடித்திருக்கிறது என்று பொருள்.

இரண்டாவது சோதனைக்கு, வண்டியின் முன்னச்சை ஜாக்கியில் தூக்கி, அடியில் ஸ்டாண்டு வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள். சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து உள்ளும் வெளியுமாக அசையுங்கள். ஆட்டம் தெரிந்தால், துணைவரைப் பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி அசையுங்கள். இதில் முன்னால் டிஸ்க் பிரேக் இருப்பதால், பிரேக் பிடித்ததும், சக்கரம் மாட்டியிருக்கும் ஹப், அதைத் திருப்பும் நக்கிளோடு இறுகிவிடும். அப்போது ஆட்டம் மறைந்தால் தேய்ந்தது வீல் பேரிங்; மறையாமல் இருந்தால், நக்கிள் எதன் மேல் திரும்புகிறதோ அந்தக் கிங்பின்னின் பேரிங். இதைச் செய்யாமல்தான் பலர் நல்ல வீல் பேரிங்கைக் கழற்றி எறிகிறார்கள்.

என் சந்தேகம் வலது கிங்பின் மீதுதான். அச்சுக்குள் இருக்கும் ஆயில் சீல் போய்விட்டால், கியர் ஆயில் நக்கிளின் உருண்டைக்குள் வந்து அங்கிருக்கும் கிரீஸைக் கரைத்து வெளியே தள்ளும். கீழ் பேரிங் கிரீஸின்றி ஓடித் தேயும். கிங்பின்னில் இறுக்கம் குறைந்தால் சக்கரம் எளிதாகத் திரும்பும். ஒரு தட்டு பட்டதும் அங்கேதான் உதறல் பிறக்கிறது.

அரியாங்குப்பம் நண்பன்:
இவ்வளவு பிரிக்க வேண்டுமா? டேம்பர் போட்ட பிறகு என் வண்டி திண்டிவனம்வரை போய் வந்தது, ஒரு நடுக்கமும் இல்லை. தொழிற்சாலையிலிருந்து வரும்போதே டேம்பர் இருக்கும் வண்டிகள் உண்டு. அது தேவையற்ற பொருள் என்றால் ஏன் பொருத்துகிறார்கள்?

வில்லியனூர்ப் பட்டறை:
டேம்பர் தேவையற்றது என்று நான் சொல்லவில்லை. எல்லாப் பாகமும் சரியாக இருக்கும் வண்டியில், சாலையிலிருந்து வரும் அடி கைக்கு எட்டாமல் தடுப்பது அதன் வேலை. தேய்ந்த ஜாயிண்டின் மேல் போட்டால் உதறல் அடங்கும், தேய்மானம் அடங்காது. டேம்பரின் எண்ணெய் கசியும் நாளில், அதற்குள் இன்னும் தேய்ந்துபோன ஜாயிண்டோடு அதே உதறல் திரும்பி வரும். டை ராடு எண்ட் கழன்று விழுந்த வண்டி ஒன்றை முள்ளோடைக்கு அருகிலிருந்து இழுத்து வந்திருக்கிறேன்; அதில் டேம்பர் புதியது. ஆகவே உங்கள் வண்டியையும் ஒரு முறை தூக்கிப் பாருங்கள் என்று அக்கறையோடு கேட்டுக்கொள்கிறேன்.

அரியாங்குப்பம் நண்பன்:
என் வண்டியில் ஜாயிண்டுகள் நன்றாகவே உள்ளன. பார்க்காமல் சொல்லாதீர்கள்.

முதுநகர் மூத்தவர்:
டேம்பரைப் பற்றி வேறு இழையில் பேசலாம். ஸ்டியரிங் பாக்ஸை இறுக்கியதைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. அதுதான் எனக்குக் கவலை தருகிறது. பாக்ஸின் மேலிருக்கும் அந்த ஸ்குரூவை அளவுக்கு மேல் இறுக்கினால், சக்கரம் நேராக நிற்கும் நிலையில் பல்கள் ஒன்றோடொன்று கடிக்கும். திருப்பத்துக்குப் பின் ஸ்டியரிங் தானாக நேர்நிலைக்குத் திரும்பாது. வெளியே தேய்ந்த ஜாயிண்டின் ஆட்டத்தைப் பாக்ஸை இறுக்கி மறைப்பது இரண்டையும் கெடுக்கும். கிங்பின்னைப் பற்றி வில்லியனூர்க்காரர் சொன்னதை ஏற்கிறேன். எண்ணெய் வழிகிறது என்று தெரிந்திருந்தால் நானும் அதையே முதலில் சொல்லியிருப்பேன்.

தவளக்குப்பம்:
நீளமான ஷாக்கிளையும் மறக்க வேண்டாம். ஜிப்சியில் முன் பட்டையின் ஷாக்கிள் முன்முனையில் இருக்கிறது. அதை நீட்டினால் அச்சு முன்னோக்கிச் சுழன்று கேஸ்டர், அதாவது கிங்பின்னின் பின்சாய்வு, குறையும். கேஸ்டர் குறைந்தால் சக்கரம் நேராக நிற்கும் இயல்பை இழக்கும். அகலமான டயரும் சேர்ந்தால், சிறு ஆட்டம்கூடப் பெரிய உதறலாகிவிடும். பேரிங் மாற்றிய பிறகும் குறை மிஞ்சினால் பழைய அளவு ஷாக்கிளுக்குத் திரும்புங்கள்.

கிங்பின்னின் இறுக்கத்தைக் கையால் மதிப்பிட வேண்டாம். நக்கிளின் ஆயில் சீலைக் கழற்றிவிட்டு, நக்கிளில் டை ராடு சேரும் துளையில் ஸ்பிரிங் தராசை மாட்டி இழுங்கள். மீன் நிறுக்கப் பயன்படுத்துவதே போதும். நக்கிள் அசையத் தொடங்கும்போது முள் ஒரு கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடையில் நிற்க வேண்டும். குறைவாக இருந்தால் கிங்பின்னுக்கு அடியில் இருக்கும் ஷிம் என்ற மெல்லிய தகடுகளை ஒவ்வொன்றாக எடுங்கள். திருப்பும்போது நடுவில் பள்ளத்தில் விழுவதுபோல் உணர்ந்தால், ஷிம் எடுத்துப் பயனில்லை; பேரிங்கையும் அதன் கிண்ணத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

உப்பனாற்றங்கரை:
வெள்ளிக்கிழமை பயணத்தைத் தள்ளி வைக்க முடியுமா? பண்ருட்டிக்கு நேரே பேருந்து இருக்கிறது. தாயாரை இந்த வண்டியில் ஏற்றாதீர்கள்.

வில்லியனூர்ப் பட்டறை:
பிரேக் சோதனையில் என்ன தெரிந்தது? எழுதினால் அடுத்ததைச் சொல்லலாம்.

தவளக்குப்பம்:
ஒரு வாரம் ஆகிவிட்டது. வண்டி எப்படி இருக்கிறது?

முந்திரித்தோப்பு:
தாமதத்துக்கு மன்னிக்கவும். பிரேக் பிடித்தும் வலது சக்கரத்தில் ஆட்டம் மறையவில்லை. பிரித்ததில் கீழ் கிங்பின் பேரிங்கின் உருளைகள் பழுப்பேறி, இரண்டு உடைந்திருந்தன; உள்ளே கிரீஸே இல்லை. இரு பக்கமும் பேரிங்குகள், ஆயில் சீல்கள், டிராக் லிங்க்கின் ஒரு எண்ட் மாற்றினோம். தராசில் 1.4 கிலோ வந்தது. பாக்ஸின் ஸ்குரூவையும் தளர்த்தி வைத்தார்கள். நேற்று பாலத்தில் 60இல் சென்றேன், உதறல் இல்லை. ஷாக்கிள் இன்னும் மாற்றவில்லை. பண்ருட்டிக்குப் பேருந்தில்தான் போனோம். அனைவருக்கும் நன்றி.