டிஎல்ஆர்4: டிஐஆர், எல்ஆர்ஆர் இரண்டுக்கும் ஒரே மாறாமை மதிப்பெண் வருகிறது, பிழை எங்கே?

கேள்வி (நிரல்காரன்)

மாடு, திமில் மாடு, யாக், எருமை, செம்மறி, வெள்ளாடு, மான், ஒட்டகம், பன்றி என ஒன்பது இனங்களில், கிருமிகளை உணரும் நோயெதிர்ப்பு ஏற்பியான டிஎல்ஆர்4இன் டொமைன்களை (புரதத்தின் தனித்தனிப் பகுதிகளை) ஒப்பிடுகிறேன். புரத வரிசைகளை பிஃபாம் என்ற டொமைன் தரவுத்தளத்தின் மாதிரிகளோடு ஹெச்எம்எம்ஸ்கேன் தேடுகருவியில் ஓட்டி, செல்லுக்கு வெளியே இருக்கும் எல்ஆர்ஆர் (லியூசின் மிகுந்த, திரும்பத் திரும்ப வரும் அலகுகள்) பகுதியையும் உள்ளே இருக்கும், சைகை கடத்தும் டிஐஆர் பகுதியையும் தனித்தனிக் கோப்புகளாக வெட்டினேன். இரண்டையும் மாஃப்ட் மென்பொருளில் அலைன் செய்து (இனங்களின் வரிசைகளை இடத்துக்கு இடம் பொருத்தி), ஒவ்வொரு இடமும் பரிணாமத்தில் எவ்வளவு வேகமாக மாறியது என்று மதிப்பிடும் ரேட்ஃபோர்சைட்டில் போட்டேன்.

1. இரண்டு டொமைன்களின் சராசரி மதிப்பெண்ணும் பூஜ்யம். இணை இணையாக ஒற்றுமை விகிதம் பார்த்தால் மட்டும் டிஐஆர் தெளிவாக முந்துகிறது. எதை நம்புவது?
2. எல்ஆர்ஆர் எண்ணிக்கை இனத்துக்கு இனம் மாறுகிறது.
3. ஓர் இனத்தின் டிஐஆர் நடுவிலிருந்து வேறு எதனோடும் ஒட்டவே மாட்டேன் என்கிறது.

பதில் (கிளைமரம்)

முதல் சிக்கல் உயிரியலில் இல்லை, நீங்கள் வெட்டிய இடத்தில் இருக்கிறது. ரேட்ஃபோர்சைட் தனக்குக் கொடுத்த அலைன்மென்ட்டுக்குள்ளேயே மதிப்பெண்களைச் சீராக்கும்: சராசரி 0, திட்ட விலக்கம் 1. டிஐஆரைத் தனியாகக் கொடுத்தால் அதன் சராசரி 0 ஆகத்தான் வரும், எல்ஆர்ஆரைக் கொடுத்தாலும் அப்படியே. கான்சர்ஃப் இணையக் கருவியிலும் இதே கதைதான். தனித்தனி ஓட்டங்களின் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது, இரண்டு வகுப்புகளின் தரவரிசையை ஒப்பிடுவது போல.

முழுப் புரதத்தையும் ஒரே அலைன்மென்ட்டாக, ஒரே பரிணாம மரத்தோடு ஓட்டுங்கள். மாஃப்டில் லோக்கல்பேர், மேக்ஸ்இட்டரேட் 1000 என்ற அமைப்புகள் போதும். மதிப்பெண் வந்த பிறகு நிரல்களை (அலைன்மென்ட்டின் செங்குத்து வரிசைகளை) டொமைன்வாரியாகப் பிரியுங்கள். இந்த அளவில் எண் குறைந்தால்தான் மாறாமை அதிகம். தலைகீழாகப் படிப்பவர்கள் உண்டு.

எல்லைகளை அலைன்மென்ட் நிரல் எண்ணில் குறியுங்கள். மனித டிஎல்ஆர்4 839 அமினோ அமிலம், மாட்டினுடையது 841, சுண்டெலியினுடையது 835. ஒன்றின் எண்ணை இன்னொன்றில் போட்டால் எல்லை நழுவும். மனித எண்ணில் 1 முதல் 23 வரை சிக்னல் பெப்டைடு (முதிர்ந்த புரதத்தில் இல்லாத முன்துண்டு), அதை நீக்குங்கள். 631 வரை வெளிப்பகுதி, அடுத்து சவ்வைக் கடக்கும் துண்டு, டிஐஆர் ஏறத்தாழ 672 முதல் 815 வரை. அதற்குப் பிறகு வரும் வாலை டிஐஆரோடு சேர்க்காதீர்கள். அது தளர்வான பகுதி, சேர்த்தால் டிஐஆர் சராசரி கெடும்.

பதில் (எக்ஸான்)

மூன்றாவது சிக்கல் பெரும்பாலும் ஃபிரேம் ஷிஃப்ட், அதாவது டிஎன்ஏவை மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கும் சட்டகம் நழுவுவது. டிஎல்ஆர்4 மரபணுவில் புரதத்தின் பெரும்பகுதி கடைசி எக்ஸானிலேயே (மரபணுவின் புரதத்துக்கான துண்டு) இருக்கிறது. ஆகவே டிஐஆர் நடுவில் முறிந்தால் எக்ஸான் இணைப்பைக் காட்டிலும் அசெம்பிளியில் (துண்டுகளிலிருந்து கோத்த ஜீனோம் வரிசையில்) விட்டுப்போன ஒரு டிஎன்ஏ எழுத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அந்தப் பதிவின் தலைப்பில் 'லோ குவாலிட்டி புரோட்டீன்' என்று இருக்கிறதா பாருங்கள். மனித டிஐஆரை அந்த இனத்தின் ஜீனோமில் டிபிளாஸ்ட்என் (புரத வரிசையை டிஎன்ஏவில் தேடும் கருவி) செய்யுங்கள். ஒற்றுமை அதே இடத்தில் வேறு ஃபிரேமுக்குத் தாவினால் விடை கிடைத்துவிட்டது. வேறு அசெம்பிளி இருந்தால் அதை எடுங்கள், இல்லையென்றால் அந்தத் துண்டை எக்ஸ் போட்டு மறையுங்கள். கையால் எழுத்தைச் செருகித் திருத்த வேண்டாம்.

எல்ஆர்ஆர் எண்ணிக்கையை முடிவாக எழுதாதீர்கள். ஒவ்வொரு அலகும் 20 முதல் 30 அமினோ அமிலம்தான். இவ்வளவு சின்ன மாதிரி ஒன்றிரண்டு மாற்றத்திலேயே பிஃபாமின் வெட்டு மதிப்புக்குக் கீழே போய்விடும். அலகு அங்கேதான் இருக்கும், மென்பொருளுக்குத் தெரியவில்லை, அவ்வளவே.

வெளிப்பகுதிக்கு ஒரே சராசரி எடுப்பதும் எனக்கு உடன்பாடில்லை. எல்ஆர்ஆர் வளைவைத் தாங்கும் லியூசின்கள் அசையாது; எம்டி-2 என்ற துணைப் புரதமும் லிப்பிடும் தொடும் பக்கம் வேகமாக மாறக்கூடியது. இரண்டையும் கலந்தால் எதுவுமே தெரியாது. டிஎல்ஆர்4, எம்டி-2 சேர்ந்த 3எஃப்எக்ஸ்ஐ என்ற முப்பரிமாணக் கட்டமைப்பில் மதிப்பெண்களை வண்ணமாக ஏற்றிப் பாருங்கள்.

நிரல்காரன்

முழு வரிசையாக ஓட்டினேன், டிஐஆர் கீழே இறங்கிவிட்டது. முறிந்த வரிசை ஃபிரேம் ஷிஃப்ட்தான். ஆனால் பல நிரல்களில் நம்பக இடைவெளி மிக அகலமாக வருகிறது. வேறுபாட்டை எந்தச் சோதனையில் காட்டுவது?

பதில் (கிளைமரம்)

ஒன்பது இனம் என்பது ஏட்டில்தான். மாடு, திமில் மாடு, யாக் மூன்றும் ஏறக்குறைய ஒரே வரிசை. தலை எண்ணிக்கையை விட மரத்தின் மொத்தக் கிளை நீளம்தான் முக்கியம். ஒன்றை வைத்துக்கொண்டு குதிரை, நாய், திமிங்கிலம், வௌவால் சேருங்கள்.

பக்கத்துப் பக்க நிரல்கள் சார்பற்றவை அல்ல, எனவே சாதாரண டி-சோதனை வேண்டாம். மதிப்பெண் வரிசையை வட்டமாகச் சுழற்றி, ஒவ்வொரு சுழற்சியிலும் டிஐஆர் சன்னலின் சராசரியை எடுத்து, உங்கள் உண்மை மதிப்பு அந்தப் பரவலில் எங்கே விழுகிறது என்று பாருங்கள்.

பதில் (எக்ஸான்)

கோடான் (ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்று டிஎன்ஏ எழுத்து) அளவிலும் போங்கள். பால்2நால் கருவி மூலம் கோடான் அலைன்மென்ட், அதற்கு முன் நிறுத்தக் கோடான்களை நீக்குங்கள். பிறகு கார்ட் கருவியை ஓட்டி மறுசேர்க்கை (வரிசைத் துண்டுகள் இடம் மாறிக் கலந்தது) இருக்கிறதா பாருங்கள். இந்தப் படியை டிஎல்ஆர்1, டிஎல்ஆர்6 செய்யும்போது தவிர்க்கவே கூடாது, அவற்றுக்கிடையே மரபணு மாற்றீடு நடந்திருக்கிறது. அடுத்து கோட்எம்எல் மென்பொருளில் எம்7 (நேர்த்தேர்வு இல்லாத மாதிரி), எம்8 (நேர்த்தேர்வை அனுமதிக்கும் மாதிரி) ஒப்பீடு: லாக் லைக்லிஹுட் வேறுபாட்டின் இருமடங்கு, 2 டிகிரி ஆஃப் ஃபிரீடமில், 5.99ஐத் தாண்ட வேண்டும். எம்8 வென்றால், அது சுட்டும் தளங்களை அலைன்மென்ட்டில் ஒவ்வொன்றாகக் கண்ணால் பாருங்கள். அலைன்மென்ட்டின் வெற்றிடத்துக்கு (கேப்) ஒட்டினாற்போல் நிற்பவை பெரும்பாலும் அலைன்மென்ட் பிழைகள்.