புதுப்பிப்பு: கடை பில்லிங்குக்கு ஜாங்கோ என்று முடிவு

ஹார்டுவேர் கடை ஒன்றுக்கு பில்லிங், ஸ்டாக் பார்க்கும் வெப் ஆப் செய்ய நோட் (சர்வரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட்), ரியாக்ட் (திரைப் பக்கத்துக்கு), மாங்கோடிபி (டேட்டாபேஸ்) கூட்டா, இல்லை ஜாங்கோ (பைத்தானில் வெப் ஆப் எழுத உதவும் ஃப்ரேம்வொர்க்), போஸ்ட்கிரெஸ் (இன்னொரு டேட்டாபேஸ்) கூட்டா என்று முன்பு கேட்டிருந்தேன். ஜாங்கோ பக்கமே போய்விட்டேன்.

முடிவைத் தீர்மானித்தது டேட்டாபேஸ்தான். கடைசியாக இருக்கும் ஒரே ஆணிப் பெட்டியை இரண்டு கவுன்டரிலும் ஒரே நேரத்தில் விற்கப் பார்த்தால், ஒரு பில்தான் விழ வேண்டும். போஸ்ட்கிரெஸ்ஸில் அந்தப் பொருளின் ஸ்டாக் வரிசையைப் பூட்டிவிட்டு, பில்லையும் இருப்புக் கழிப்பையும் ஒரே டிரான்சாக்‌ஷனில் போடுகிறேன். ஒன்று தவறினால் இரண்டும் ரத்து. மாங்கோவிலும் 2018-இல் வந்த 4.0 முதல் இது முடியும். ஆனால் அதற்கு ரெப்ளிகா செட் (டேட்டாவின் நகல்களைச் சேர்த்து ஓட்டும் சர்வர் அமைப்பு) வேண்டும். ஒரு கடைக்கு அதெல்லாம் எதற்கு?

பணத்துக்கு, தசமங்களைத் துல்லியமாக வைக்கும் டெசிமல் ஃபீல்டுதான். தசமங்களைத் தோராயமாக வைக்கும் ஃப்ளோட்டில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும். ஜிஎஸ்டி கணக்கில் அப்படி வந்தால் ஆடிட்டரிடம் யார் பேச்சு வாங்குவது?

ரியாக்ட் எடுக்கவில்லை. பொருள் தேடும் பெட்டிக்கு மட்டும் எச்டிஎம்எக்ஸ் (பக்கத்தை முழுதாக மறுபடி ஏற்றாமல் ஒரு பகுதியை மட்டும் மாற்ற உதவும் சின்ன லைப்ரரி). விலை திருத்த ஜாங்கோவோடு வரும் அட்மின் பக்கமே போதும். கடைக்காரர் அதில்தான் முதலில் கை வைத்தார்.

அப்புறம், தெர்மல் பிரிண்டரில் தமிழ் ஒழுங்காக விழ வைத்தவர்கள் யாராவது உண்டா? இப்போதைக்கு பில்லைப் படமாக மாற்றி அனுப்பலாம் என்றிருக்கிறேன்.