வெல்லம், மஞ்சள்: 2 வயசுப் பையனுக்கு எவ்வளவு வரைக்கும்?

கோபிக்காரி:
பையனுக்கு 2 வயசு, 12 கிலோ. தினமும் ராகிக் கூழில் 20 கிராம் போல வெல்லம் போடுகிறேன். போன வாரம் சந்தையில் வாங்கியது பளிச்சென்று மஞ்சளாக இருக்கிறது, மாமியார் பார்த்துவிட்டு "இது ஹைட்ராஸ் போட்டது அம்மிணி" என்கிறார், வெல்லத்தை வெளுக்கப் போடும் ரசாயனமாம். நாங்களும் அதைத்தான் சாப்பிடுகிறோம், குழந்தைக்கு மட்டும் தனிக் கணக்கு உண்டுங்களா?

மஞ்சக்காட்டான்:
உண்டுங்க, எல்லாம் உடல் எடையை வைத்துத்தான். ஹைட்ராஸ் போட்டால் வெல்லத்தில் தங்குவது சல்பர் டை ஆக்சைடு; அது 70 பிபிஎம், அதாவது கிலோவுக்கு 70 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது நம் நாட்டு விதி. அப்படியானால் 20 கிராமில் 1.4 மில்லிகிராம். உணவுச் சேர்க்கைகளைப் பார்க்கும் ஐ.நா.வின் ஜெக்ஃபா நிபுணர் குழு வைத்த எல்லை கிலோ எடைக்கு நாளுக்கு 0.7 மில்லிகிராம், அதாவது உங்கள் பையனுக்கு 8.4, 60 கிலோ ஆளுக்கு 42. வெல்லம் மட்டும் என்றால் பயமில்லை, ஆனால் விதியை மீறி ஹைட்ராஸைக் கொட்டியிருந்தால் இந்தக் கணக்கே செல்லாது, அப்புறம் சல்பைட் (இதே சல்பர் டை ஆக்சைடு வகைதான்) சேர்த்த உலர்பழம் கொடுத்தால் அதையும் கூட்டுங்கள்.

ஈரோட்டு ஆத்தா:
எனக்கு மஞ்சள்தூள்தான் பயம். நிறத்துக்காக லெட் குரோமேட் என்ற ஈயம் கலந்த மஞ்சள் சாயத்தைக் கலந்தால் ஈயம் உள்ளே போகும். ஈயத்துக்கு வைத்திருந்த வார எல்லையை, அது பாதுகாப்பானது என்று இனி சொல்ல முடியாது என்று அதே ஜெக்ஃபா 2010-ல் விலக்கிக்கொண்டது. பாலிஷ் போடாத மங்கலான விரலியாக வாங்கி மில்லில் அரைத்துக்கொள்ளுங்க.

கோபிக்காரி:
சரிங்க. கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரைக்கு மாறிவிட்டேன், கூழ் கறுத்துத்தான் போகிறது, பையன் துப்பவில்லை.